டச்சு வாக்கியத்தில் வினை எங்கே நிற்கும்? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டச்சு படிக்கத் தொடங்கும் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வருகிறோம். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், செயலி ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும், மனமும் ஆங்கில வாக்கியத்தைக் கட்டி அதற்கு டச்சுச் சொற்களை மாட்டிவிடும். சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் தவறிப்போவது இதனால்தான். டச்சுச் சொல்வரிசைக்கு அடியில் இருப்பது தமிழைப் போல வினை கடைசியில் நிற்கும் அமைப்பு. யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர் 1975இல் இதை விரிவாக வாதிட்டு எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

டச்சுச் சொற்களை இங்கே ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தொண்டையை உரசி வரும் ஒலிக்கு 'ஃக்' போட்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டலைப் படிக்கும்போதே அகராதியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேர்வில் அதுதான் கேட்கப்படும். ஒவ்வொரு எடுத்துக்காட்டின் கீழும் சொல்லுக்குச் சொல் தமிழ் இருக்கும். பொருளை விட வரிசையைக் கவனியுங்கள்.

1. வாக்கியத்தை முதலில் தமிழில் கட்டுங்கள்

'நான் நேற்று ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறேன்.' கடைசிச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: 'வாங்கி' என்பது எச்சம், 'இருக்கிறேன்' என்பது முற்று. யார், எப்போது என்ற செய்தியைச் சுமப்பது முற்று.

இப்போது முற்றை மட்டும் உருவி எழுவாய்க்கு அடுத்து வையுங்கள். எச்சம் இருந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

இக் ஹெப் ஃகிஸ்டரன் அன் பூக் ஃகெகோஃக்ட்.
நான் – இருக்கிறேன் – நேற்று – ஒரு – புத்தகம் – வாங்கி.

டச்சு முதன்மை வாக்கியத்தின் எலும்புக்கூடு இதுதான். முற்றுவினை இரண்டாம் இடத்தில், எச்சம் கடைசியில், மற்ற எல்லாம் இரண்டுக்கும் நடுவில்.

'வேண்டும்', 'முடியும்', 'விரும்புகிறேன்' போன்றவற்றுக்கும் இதே வழி. மருத்துவமனைக்கோ நகராட்சிக்கோ போன் செய்தால் முதலில் சொல்ல வேண்டியது இது:

இக் வில் ஃக்ராஃக் அன் அஃப்ஸ்ப்ராக் மாகன்.
நான் – விரும்புகிறேன் – (பணிவுச் சொல்) – ஒரு – சந்திப்பு – ஏற்பாடு செய்ய.

'வில்' முன்னே, 'மாகன்' கடைசியில். ஆங்கிலப் பழக்கம் 'வில் மாகன்' என்று இரண்டையும் ஒட்டவைக்கப் பார்க்கும். அதைத்தான் முதல் மாதம் முழுக்க எதிர்த்து நிற்க வேண்டும். துணைவினையைச் சொன்னவுடன் வாயை அடுத்த வினைக்குப் போகவிடாமல், எப்போது, எதை, எங்கே என்பதை முதலில் சொல்லி முடியுங்கள்.

ஒரே ஒரு வினைதான் இருக்கிறதென்றால் அது இரண்டாம் இடத்துக்குப் போய்விடும், கடைசி இடம் காலி. 'இக் வெர்க் மோர்ஃகன் டௌஸ்' (நான் – வேலை செய்கிறேன் – நாளை – வீட்டில்) இப்படிப்பட்டது. பார்வைக்கு ஆங்கிலம் போலத் தோன்றுவதால் ஏமாற்றுவதும் இதுதான்.

2. இரண்டாம் இடம் என்றால் இரண்டாவது சொல் அல்ல

முதல் இடத்தில் ஒரு பொருட்பகுதி வரலாம், ஒன்றே ஒன்று. அது ஒரு சொல்லாகவும் இருக்கலாம், ஏழு சொல்லாகவும் இருக்கலாம். முற்று அதற்கு அடுத்து.

வோல்ஃகன்டெ வேக் மான்டாஃக் ஒம் டீன் யூர் ஹெப் இக் அன் அஃப்ஸ்ப்ராக்.
அடுத்த – வாரம் – திங்கள் – பத்து மணிக்கு – உண்டு – நான் – ஒரு – சந்திப்பு.

'வோல்ஃகன்டெ'யிலிருந்து 'யூர்' வரை காலத்தைக் குறிக்கும் ஒரே பகுதி. அது முதல் இடத்தைப் பிடித்துவிட்டதால் எழுவாய் 'இக்' வினைக்குப் பின்னால் தள்ளப்படுகிறது.

புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இங்கேதான். 'ஃகிஸ்டரன் இக் ஹெப்…' என்று தொடங்கிவிடுவார்கள். அதில் முதல் இடத்தில் இரண்டு பகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன, வினை மூன்றாவதாகிவிட்டது. சரியானது 'ஃகிஸ்டரன் ஹெப் இக் அன் பூக் ஃகெகோஃக்ட்'. காலச்சொல்லில் தொடங்கினால் அடுத்தது வினை என்று கை தானாகப் போகும் வரை பழகுங்கள்.

கேள்வியில் இரண்டு வகை. வினாச்சொல் இருந்தால் அது முதல் இடம், வினை இரண்டாவது: 'வார் வோன் யெ?' (எங்கே – வசிக்கிறாய் – நீ). ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் முதல் இடம் காலி, வினையே தொடங்கும்: 'வெர்க் யெய் வன்டாஃக் டௌஸ்?' (வேலை செய்கிறாயா – நீ – இன்று – வீட்டில்).

எழுதும்போது ஒரு கண்ணி உண்டு. 'யெய் வெர்க்ட்' என்பதில் வினையின் கடைசியில் ஒரு 'ட்' இருக்கிறது. 'யெய்' அல்லது 'யெ' வினைக்குப் பின்னால் வந்தால் அந்த 'ட்' விழுந்துவிடும்: 'வெர்க் யெய்'. இந்த விலக்கு 'நீ' என்ற இந்தச் சொல்லுக்கு மட்டுமே. 'நீங்கள்' என்பதற்குரிய 'யூ'வுக்கும், 'அவன்' என்பதற்குரிய 'ஹெய்'க்கும் 'ட்' விழாது: 'வெர்க்ட் யூ', 'வெர்க்ட் ஹெய்'.

3. எழுவாயை விழுங்கிவிடாதீர்கள்

இங்கே தமிழ் நம்மைக் கவிழ்க்கும். 'நாளைக்கு வரேன்' என்றால் யார் வருவது என்று வினையின் விகுதியே சொல்லிவிடும். டச்சில் எழுவாய் கட்டாயம். பேச்சில் சிலசமயம் விட்டுப் பேசுவார்கள், நீங்கள் எழுதும்போது அதைப் பின்பற்ற வேண்டாம்.

எழுவாய் என்று எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு பொம்மை எழுவாயை நிறுத்துவார்கள். 'மழை பெய்கிறது' என்பது 'ஹெட் ரேஃகன்ட்'. 'ஒரு சிக்கல் இருக்கிறது' என்பது 'எர் இஸ் அன் ப்ரொப்லேம்'. பேச்சில் புதிதாக வரும், 'ஒரு' போட்டுச் சொல்லும் பொருள் எழுவாயாக இருந்தால் வாக்கியத்தை 'எர்' கொண்டு தொடங்குங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

'எனக்கு' என்று நாம் தொடங்கும் வாக்கியங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. எனக்குப் பசிக்கிறது என்பது 'இக் ஹெப் ஹொங்கர்', அதாவது நான் பசி கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்பது 'இக் வேட் ஹெட் நீட்'. இந்தச் சாப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது என்பது 'இக் வின்ட் ஹெட் லெக்கர்'. மூன்றிலும் 'எனக்கு' போய் 'நான்' எழுவாயாக நிற்கிறது.

இன்னொன்று, 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் நாம் முடித்துவிடுவோம். டச்சில் 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது: 'ஹெய் இஸ் லேரார்'. தொழிலைச் சொல்லும்போது 'ஒரு' என்பதற்குரிய 'அன்' வராது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

4. நடுப்பகுதி: தமிழ் வரிசையை நம்புங்கள்

முற்றுக்கும் கடைசி எச்சத்துக்கும் நடுவில் என்னென்ன, எந்த வரிசையில்? எப்போது, எப்படி, எங்கே. பாடப்புத்தகங்கள் இதை ஒரு விதியாகச் சொல்லும். நமக்கு அது வீட்டுப் பழக்கம்.

இக் ஃகா மோர்ஃகன் மெட் டெ ட்ரெய்ன் நார் யூட்ரெஃக்ட்.
நான் – போகிறேன் – நாளை – ரயிலில் – யூட்ரெக்டுக்கு.

'நான் நாளை ரயிலில் யூட்ரெக்டுக்குப் போகிறேன்' என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வினை ஒன்றுதான் இடம் மாறியிருக்கிறது. ஆங்கிலம் இதைக் கிட்டத்தட்டத் தலைகீழாக, இடம் முதலிலும் காலம் கடைசியிலுமாகச் சொல்லும். இந்த இடத்தில் ஆங்கிலத்தின் பக்கம் திரும்பவே வேண்டாம்.

வேற்றுமை உருபு மட்டும் பக்கம் மாறும். நமக்கு 'இல்', 'உக்கு' பெயருக்குப் பின்னால், அவர்களுக்கு 'மெட்', 'நார்' பெயருக்கு முன்னால். அலுவலகத்துக்குப் போகிறேன் என்பது 'இக் ஃகா நார் கன்டோர்'. யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'கந்தோர்' இந்த டச்சுச் சொல்லிலிருந்து வந்ததே.

செயப்படுபொருள் எங்கே போகும் என்று பலர் திணறுவார்கள். இதற்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. 'நேற்று ஒரு புத்தகம் வாங்கினேன்' என்கிறோம். ஆனால் கேட்பவருக்குத் தெரிந்த புத்தகம் என்றால் 'அந்தப் புத்தகத்தை நேற்று வாங்கினேன்' என்று முன்னுக்குக் கொண்டுவருகிறோம். டச்சும் அப்படியே:

இக் ஹெப் ஃகிஸ்டரன் *அன் பூக்* ஃகெகோஃக்ட். (நேற்று ஒரு புத்தகம்.)
இக் ஹெப் *ஹெட் பூக்* ஃகிஸ்டரன் ஃகெகோஃக்ட். (அந்தப் புத்தகத்தை நேற்று.)
இக் ஹெப் *ஹெட்* ஃகிஸ்டரன் ஃகெகோஃக்ட். (அதை நேற்று.)

தெரிந்த பொருள் முன்னே, புதிய பொருள் பின்னே, வினைக்கு நெருக்கமாக. இரண்டாவது வகையில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு, காலச்சொல் முன்னே வந்தாலும் தவறில்லை. மூன்றாவதில் நெகிழ்வே இல்லை. 'அதை', 'அவனை', 'எனக்கு' போன்ற சிறு பதிலிகள் வினைக்கும் எழுவாய்க்கும் அடுத்து உடனே வந்தாக வேண்டும்.

5. 'நீட்' எங்கே, 'ஃகேன்' எங்கே

முதலில் எதைப் போடுவது என்று முடிவு செய்யுங்கள். 'ஒரு' போட்ட பெயரையோ, எதுவும் போடாத பெயரையோ மறுத்தால் 'ஃகேன்': 'இக் ஹெப் ஃகேன் ஓடோ' (என்னிடம் கார் இல்லை). மற்றதற்கெல்லாம் 'நீட்'. 'நீட் அன்' என்று எழுதத் தோன்றினால் அங்கே 'ஃகேன்' வர வேண்டியிருக்கலாம் என்று நின்று பாருங்கள்.

'நீட்' நடுப்பகுதியின் கடைசிக்குப் போய், எச்சத்துக்கு முன்னால் நிற்கும்: 'இக் ஹெப் ஹெட் பூக் நீட் ஃகெலேஸன்' (நான் – இருக்கிறேன் – புத்தகத்தை – இல்லை – படித்து). எச்சம் இல்லையென்றால் வாக்கியத்தின் கடைசியிலேயே வந்துவிடும்: 'இக் வெர்க் மோர்ஃகன் நீட்'. 'வேலை செய்யவில்லை' என்று கடைசியில் மறுக்கும் நமக்கு இது இயல்பாக வர வேண்டும்.

சில பகுதிகள் வினையோடு ஒட்டிக்கொண்டு 'நீட்'டுக்குப் பின்னால் நிற்கும். எப்படிப்பட்டவர் என்று சொல்லும் சொல் அதில் ஒன்று: 'இக் பென் நீட் ஸீக்' (நான் நோயாக இல்லை). எங்கே போகிறோம் என்று சொல்லும் பகுதி இன்னொன்று: 'இக் ஃகா நீட் நார் யூட்ரெஃக்ட்'. பிரியும் வினையின் (6ஆம் படியில் வரும்) முன்னொட்டும் அப்படியே. காலச்சொல் எப்போதும் 'நீட்'டுக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால் தொடக்க நிலைக்குப் போதும்.

6. பிரியும் வினைகள்

'ஒப்பெல்லன்' என்றால் போன் செய்தல். இதில் 'ஒப்' ஒரு முன்னொட்டு. முற்று இரண்டாம் இடத்துக்கு ஓடும்போது 'ஒப்' கூடப் போகாது, கடைசியிலேயே நின்றுவிடும்.

இக் பெல் மோர்ஃகன் டெ ஹௌஸ்ஆர்ட்ஸ் ஒப்.
நான் – செய்கிறேன் – நாளை – குடும்ப மருத்துவருக்கு – போன்.

'போன் செய்கிறேன்' என்பதில் 'செய்கிறேன்' மட்டும் முன்னே போய், 'போன்' தன் இடத்தில் நின்றது போல நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற வடிவங்கள்:

துணைவினை வந்தால் முழு வினையும் ஒட்டியபடி கடைசியில் வரும்: 'இக் மூட் டெ ஹௌஸ்ஆர்ட்ஸ் ஒப்பெல்லன்'.
இறந்தகால எச்சத்தில் 'ஃகெ' நடுவில் நுழையும்: 'ஒப்ஃகெபெல்ட்'.
வினைக்கு முன் வரும் 'டெ' (பெயருக்கு முன் வரும் 'டெ' அல்ல, இது வேறு சொல்) வந்தால் அதுவும் நடுவில், ஆனால் தனிச்சொல்லாக: 'ஒப் டெ பெல்லன்'.
துணைவாக்கியத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடும்: '…ஒம்டட் இக் டெ ஹௌஸ்ஆர்ட்ஸ் ஒப்பெல்'.

எது பிரியும் என்பதை அழுத்தம் காட்டிக்கொடுக்கும். முன்னொட்டில் அழுத்தம் விழுந்தால் பிரியும். 'பெ', 'ஃகெ', 'ஹெர்', 'ஒன்ட்', 'வெர்' ஆகியவை அழுத்தமில்லாமல் வினையின் தொடக்கத்தில் நின்றால் பிரியாது, எச்சத்தில் கூடுதலாக 'ஃகெ'யும் சேராது. 'வெர்டெல்லன்' (சொல்லுதல்) 'வெர்டெல்ட்' ஆகும், 'ஃகெவெர்டெல்ட்' ஆகாது. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வினைகளும் உண்டு. 'வோர்கோமன்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'நிகழ்தல்', பிரியும். நடு அசையை அழுத்தினால் 'தடுத்தல்', பிரியாது. ஆகவே புது வினையை நோட்டில் எழுதும்போது அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போடுங்கள்.

படிக்கும்போது இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் தனியாக ஒரு 'ஒப்', 'இன்', 'அஃப்', 'மே' நின்றால் அதைக் கவனிக்காமல் அகராதியைத் திறக்காதீர்கள். முன்னே நிற்கும் வினையோடு சேர்த்துத் தேடினால்தான் பொருள் கிடைக்கும்.

7. இணைப்புச் சொல் வந்ததும் வினை வீடு திரும்பும்

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். அடிப்படை நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகிறவரை நிறுத்திவைப்பது பெரும்பாலும் இதுதான்.

இணைப்புச் சொற்கள் மூன்று கூட்டம். எந்தச் சொல் எந்தக் கூட்டம் என்பதை மட்டும் மனப்பாடம் செய்தாக வேண்டும், வேறு வழியில்லை.

முதல் கூட்டம் எதையும் அசைக்காது. 'என்' (உம்), 'மார்' (ஆனால்), 'வன்ட்' (ஏனென்றால்), 'ஒஃப்' (அல்லது). இவை வாசலில் நிற்கும், வாக்கியத்தில் இடம் பிடிக்காது: 'இக் ப்ளெய்ஃப் டௌஸ், வன்ட் இக் பென் ஸீக்.'

இரண்டாம் கூட்டம் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே அடுத்தது வினை. 'டாரொம்' (அதனால்), 'டூன்' (அப்போது), 'டன்' (பிறகு): 'இக் பென் ஸீக். டாரொம் ப்ளெய்ஃப் இக் டௌஸ்.' 'டஸ்' (ஆகவே) முதல் கூட்டத்திலும் சேரும், இரண்டாவதிலும் சேரும். இரண்டும் ஏற்கப்பட்டவை.

மூன்றாம் கூட்டம் துணைவாக்கியத்தைத் திறப்பவை. 'ஒம்டட்' (என்பதால்), 'டட்' (என்று), 'அல்ஸ்' (ஆல்), 'ஹூவெல்' (ஆனபோதும்), 'வோர்டட்' (முன்பு), 'நாடட்' (பிறகு), 'டெர்வெய்ல்' (போது), 'ஸோடட்' (அதற்காக, அதனால்). இவை வந்தால் இரண்டாம் இடத்துக்கு ஓடிய முற்று மறுபடியும் கடைசிக்குத் திரும்பிவிடும்:

இக் ப்ளெய்ஃப் டௌஸ், ஒம்டட் இக் ஸீக் பென்.
நான் – இருக்கிறேன் – வீட்டில், என்பதால் – நான் – நோயாக – இருக்கிறேன்.

'ஒம்டட்' என்பதற்குப் பின் வருவதைத் தனியாகப் படியுங்கள்: நான் நோயாக இருக்கிறேன். அச்சு அசல் தமிழ். ஒரே ஒரு வேறுபாடு, நாம் 'என்பதால்', 'என்று' என்பவற்றைக் கடைசியில் வைப்போம், அவர்கள் தொடக்கத்தில் வைப்பார்கள்.

துணைவாக்கியம் முன்னே வந்தால் அது முழுவதும் சேர்ந்து முதல் இடம். அடுத்தது முதன்மை வாக்கியத்தின் வினை:

அல்ஸ் ஹெட் ரேஃகன்ட், ப்ளெய்ஃப் இக் டௌஸ்.
ஆல் – மழை பெய்ய, இருப்பேன் – நான் – வீட்டில்.

எழுதி முடித்ததும் காற்புள்ளியைப் பாருங்கள். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு வினை முகத்தோடு முகம் நிற்க வேண்டும்: 'ஒம்டட் இக் ஸீக் பென், ஃகா இக் நீட் நார் மெய்ன் வெர்க்.' இங்கே 'பென்' ஒரு பக்கம், 'ஃகா' மறுபக்கம். ஐந்து நொடிச் சோதனை, பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிடும்.

இந்தக் கூட்டத்தில் நான்கு கண்ணிகள்.

'டூன்' இரட்டை வேடம் போடும். 'அப்போது' என்றால் இரண்டாம் கூட்டம், 'போது' என்றால் மூன்றாம் கூட்டம். 'ஒஃப்' அப்படியே: 'அல்லது' என்றால் முதல் கூட்டம், 'வருவானா என்று' என்பதில் வரும் 'ஆ… என்று' என்றால் மூன்றாம் கூட்டம், வினை கடைசிக்கு.

'அல்ஸ்', 'டூன்' இரண்டும் குழம்பும். கடந்தகாலத்தில் ஒருமுறை நடந்தது என்றால் 'டூன்'. நிபந்தனைக்கும் மறுபடி மறுபடி நடப்பதற்கும் 'அல்ஸ்'.

கேள்வியை வாக்கியத்துக்குள் வைத்தால் அதுவும் துணைவாக்கியம்தான். 'அவன் எங்கே வசிக்கிறான்?' என்பது 'வார் வோன்ட் ஹெய்?' ஆனால் 'அவன் எங்கே வசிக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?' என்பது 'வேட் யூ வார் ஹெய் வோன்ட்?' பணிவாகக் கேட்கும் கேள்விகள் பாதிக்கு மேல் இப்படித்தான் வரும். வினை எழுவாய்க்குப் பின்னால் போய்விட்டதைக் கவனியுங்கள்.

நான்காவது தமிழ்ப் பழக்கத்தால் வரும் கண்ணி. 'அவன் வருகிறான் என்று கேள்விப்பட்டேன்' என்று 'என்று' வாக்கியத்தை நடுவில் வைத்து வினையால் மூடுவோம். டச்சில் 'டட்' வாக்கியம் நடுவில் உட்காராது. எச்சத்தைச் சொல்லி வாக்கியத்தை மூடிவிட்டு அதற்குப் பின்னால்தான் அது வரும்: 'இக் ஹெப் ஃகெஹோர்ட் டட் ஹெய் கொம்ட்.'

8. கடைசியில் வினைகள் கூட்டமாக நின்றால்

துணைவாக்கியத்தில் முற்றும் எச்சமும் கடைசியில் சேர்ந்துவிடும். எது முன்னே? 'வாங்கியிருக்கிறேன்' போன்ற வகையில் 'ஃகெகோஃக்ட் ஹெப்', 'ஹெப் ஃகெகோஃக்ட்' இரண்டும் சரி. நமக்கு முதலாவது எளிது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது மற்றதை எழுதினால் தவறென்று நினைக்க வேண்டாம். 'வேண்டும்', 'முடியும்' வகையில் துணைவினையை முன்னே வைப்பதே பாதுகாப்பு: 'ஒம்டட் இக் மூட் வெர்கன்'. இது தமிழ் வரிசைக்கு நேர்மாறு.

மூன்று வினை வந்தால் 'ஃகெ' போட்ட எச்சம் காணாமல் போகும். 'என்னால் வர முடியாமல் போயிற்று' என்பது 'இக் ஹெப் நீட் கன்னன் கோமன்'. 'முடியும்' என்பதன் எச்ச வடிவத்துக்குப் பதில் வெறும் 'கன்னன்'. ஏன் என்று தோண்டாமல் இதை அப்படியே வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

'வாங்க', 'பார்க்க' என்று நோக்கத்தைச் சொல்ல 'ஒம் … டெ' உதவும்: 'இக் ஃகா நார் டெ விங்கல் ஒம் மெல்க் டெ கோபன்' (கடைக்குப் போகிறேன் – பால் வாங்க). 'ஒம்' தொடக்கத்தில், 'டெ கோபன்' கடைசியில், பொருள் நடுவில்.

9. பெயரெச்சம் திசை மாறும்

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாம் விளக்கத்தைப் பெயருக்கு முன்னால் வைப்போம். டச்சில் பெயர் முதலில், விளக்கம் பின்னால், அதற்குள் வினை கடைசியில்: 'ஹெட் பூக் டட் இக் ஃகிஸ்டரன் ஃகெகோஃக்ட் ஹெப்'.

இணைக்கும் சொல் 'டீ'யா 'டட்'டா என்பது பெயரின் முன் வரும் சுட்டுச்சொல் 'டெ'யா 'ஹெட்'டா என்பதைப் பொறுத்தது. ஒருமையில் 'ஹெட்' பெயர்களுக்கு 'டட்', 'டெ' பெயர்களுக்கு 'டீ'. பன்மை எல்லாவற்றுக்கும் 'டீ'. அதனால் புதுப் பெயர்ச்சொல்லை 'டெ', 'ஹெட்' சேர்க்காமல் நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். 'நான் வசிக்கும் வீடு' போல 'இல்' மறைந்திருக்கும் இடத்தில் 'வாரின்': 'ஹெட் ஹௌஸ் வாரின் இக் வோன்'. பேச்சில் பிரித்து 'வார் இக் இன் வோன்' என்பார்கள்.

10. அரசுக் கடிதத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள்

நகராட்சியிலிருந்தோ வரித்துறையிலிருந்தோ வரும் கடிதத்தில் உங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது வாக்கியத்தின் கடைசியில் இருக்கும்.

வெய் வெர்ஸூகன் யூ ஹெட் ஃபோர்முலீர் பின்னன் ட்வே வேகன் டெரஃக் டெ ஸ்ட்யூரன்.
நாங்கள் – வேண்டுகிறோம் – உங்களை – படிவத்தை – இரண்டு வாரத்துக்குள் – திருப்பி அனுப்ப.

முதலில் முற்றுவினைக்கு வட்டம் போடுங்கள். பிறகு நேராகக் கடைசிக்குப் போய் எச்சத்துக்கோ முன்னொட்டுக்கோ வட்டம். இரண்டையும் சேர்த்து அகராதியில் பாருங்கள். பிறகு நடுவில் காலக்கெடுவைத் தேடுங்கள். 'பின்னன்' (க்குள்), 'வோர்' (க்கு முன்) என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் அது இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவதற்கு முன் இதைச் செய்தால் ஒவ்வொரு கடிதமும் ஒரு பாடம்.

11. தேர்வு, நேரம், செலவு

நெதர்லாந்தில் குடியேற்றத் தேர்வை நடத்துவது டூவோ என்ற அரசு அமைப்பு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அந்தத் தேர்வில் தேறியாக வேண்டிய கடமைக்குள் வருகிறவர்களுக்குப் பொதுவான இலக்கு பி1 (ஐரோப்பிய மொழித்திறன் அளவில் ஏ2 அடிப்படை நிலை, பி1 அதற்கு அடுத்தது, பி2 அதற்கும் மேல்). கடமைக்காலம் மூன்று ஆண்டு. உயர்திறன் பணியாளர் விசாவில் வந்தவர்களுக்கு இந்தக் கடமை இல்லை. ஆனாலும் நிரந்தர வதிவுரிமைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது தேர்வுச் சான்று தேவைப்படும். எந்த நிலை உங்களுக்கு என்பது வந்த ஆண்டையும் விசாவையும் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன் டூவோ தளத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பி1க்கும் பி2க்கும் அரசுத் தேர்வு உண்டு: முதல் திட்டம் பி1, இரண்டாம் திட்டம் பி2.

கட்டணம் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று பிரித்து எழுதலாம், தோற்ற பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். ஆனால் அதற்கு மறுபடியும் கட்டணம். சொல்வரிசை உறுதிப்படாமல் எழுத்துப் பகுதிக்குப் பதிவு செய்வது வீண் செலவு. வாசித்தலையும் கேட்டலையும் முதலில் முடித்துவிட்டு எழுத்துக்கு இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்வதே நல்லது.

ஏ2 எழுத்துத் தேர்வில் நான்கு பணிகள், 40 நிமிடம், பேனாவால் தாளில் எழுத வேண்டும். ஒரு பணிக்குப் பத்து நிமிடம் என்று முழுவதையும் எழுதவே செலவிட்டுவிடாதீர்கள். எட்டு நிமிடத்தில் முடித்து, மிச்ச நேரத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்குக் கீழே விரலை வைத்துச் சரிபாருங்கள். இரண்டாம் இடமா, துணைவாக்கியமானால் கடைசியா, எழுவாய் இருக்கிறதா. நீண்ட வாக்கியம் தடுமாறினால் 'ஒம்டட்' எடுத்துவிட்டு 'வன்ட்' போடுங்கள், வினை அசையாது, பொருளும் கெடாது.

செல்லுபடியாகும் அடையாள ஆவணம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கடவுச்சீட்டோ வதிவிட அட்டையோ, காலாவதித் தேதியைப் பதிவு செய்யும் அன்றே பார்த்துவிடுங்கள். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். விசா முடியும் தேதியிலிருந்து அந்த எட்டு வாரத்தையும், ஒரு பகுதி தவறினால் மறுபடி எழுத இன்னொரு மூன்று மாதத்தையும் பின்னோக்கிக் கழித்து முதல் தேர்வைப் போடுங்கள்.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. பல பொது நூலகங்களில் மொழி உதவி மையமும் உரையாடல் கூடுகையும் இலவசமாக நடக்கின்றன. குழந்தைகளுக்கான செய்தியான 'யூஃக்ட்சூர்னால்' பார்த்து, ஒரு வாக்கியத்தை நிறுத்தி, வினை எங்கே நின்றது என்று சொல்லிப் பாருங்கள். தினமும் இருபது நிமிடம் ஒதுக்கி, தமிழில் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். முற்றை இரண்டாம் இடத்துக்கு இழுத்து ஒருமுறை, காலச்சொல்லில் தொடங்கி ஒருமுறை, 'இக் டெங்க் டட்' சேர்த்து ஒருமுறை என்று ஒவ்வொன்றையும் மூன்று வடிவத்தில் டச்சில் எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் 1 முதல் 3 வரை உள்ள படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 7ஆம் படிக்கு மட்டும் மூன்று வாரம் கொடுங்கள்.